இன்னும் ஓர் எட்டு

கல்யாண மேடையில் குரூப் போட்டோ எடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் குரல் கொடுப்பார்: “எல்லாரும் வர்றாங்களா, நல்லாப் பாருங்க தம்பி.” மாப்பிள்ளையின் பெரியப்பாவாக இருப்பார், இல்லாவிட்டால் பெண்ணுக்குத் தாய்மாமனாக இருப்பார். நியாயமான கவலைதான். மண்டபம் சிறியது, சொந்தம் பெரிது. போட்டோக்காரர் பின்னால் நகர வழியில்லை. முதல் வரிசை நாற்காலி காலில் இடிக்கிறது. அவர் 16–35 மி.மீ. ஜூமை மாட்டி, வளையத்தை 16 பக்கம் திருகிவிடுகிறார். எல்லாரும் வந்துவிடுகிறார்கள். ஆல்பம் கைக்கு வந்த பிறகு, ஓரத்தில் நின்ற அத்தைமார் அந்தப் பக்கத்தை மட்டும் சட்டென்று புரட்டிவிட்டுப் போகிறார்கள். நடுவில் மணமக்கள் தங்கள் உருவத்திலேயே இருக்க, ஓரத்தில் இருப்பவர்களின் தலை பக்கவாட்டில் இழுபட்டு, கன்னம் உப்பி, தோள் அகன்று கிடக்கிறது.

லென்ஸில் கோளாறு ஏதும் இல்லை. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்ட வேண்டும் என்று செய்த லென்ஸ், அகன்ற காட்சி ஒன்றைத் தட்டையான பரப்பில் இறக்கும்போது ஓரங்களை நீட்டித்தான் ஆகவேண்டும். முழு அளவு 35 மி.மீ. கேமராவில், படத்தின் இடது, வலது விளிம்பில் இருக்கும் ஓர் உருண்டைப் பொருள் 35 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அகலும். 24இல் கால் பங்கு. 16இல் பாதி. மனிதத் தலை உருண்டைப் பொருள். எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய லென்ஸ் ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது. சொந்தக்காரர்களை மூன்று வரிசையாக நிறுத்தி, இரு ஓரத்தையும் வாழைமரத்துக்கும் குத்துவிளக்குக்கும் விட்டுக்கொடுத்து, 28க்குக் கீழே இறங்காமல் எடுத்தால் யார் மனதும் நோகாது. வாழைமரம் கொஞ்சம் பருத்தால் அது வருத்தப்படப் போவதில்லை.

‘எல்லாம் வரும்’ என்பதற்காக வைட் ஆங்கிள் லென்ஸைக் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எல்லாமும் வரும்தான். வந்த எல்லாமும் எறும்பு அளவில் இருக்கும். பினாங்குக் கொடிமலையில் ஏறி நின்று, கீழே விரியும் நகரத்தை 16இல் எடுத்தவர்களிடம் அந்தப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். பாதி வானம், பாதி மரம், நடுவில் நூல் மாதிரி ஒரு நகரம். மலையிலிருந்து நகரத்தை எடுக்க வேண்டியது 85இல், 135இல். தூரத்துப் பொருள்களை அள்ளிச் சேர்க்கத் தெரிந்தது நீண்ட லென்ஸ்தான். அகன்ற லென்ஸ் பிறந்ததே அருகில் நிற்பதற்கு. கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர், அவருக்குப் பின்னால் அவருடைய உலகம், இரண்டும் ஒரே படத்தில் ஒன்றுக்கொன்று பேச வேண்டும் என்றால் அதற்கு அந்த லென்ஸை விட்டால் வேறு கதியில்லை.

இங்கே ஒரு பழைய குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். வைட் லென்ஸ் மூக்கைப் பெரிதாக்குகிறது என்பார்கள். மூக்கைப் பெரிதாக்குவது நாம் நிற்கிற இடம். முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி நின்றால், காது மூக்கைவிட 12 செ.மீ. பின்னால் இருப்பதால், மூக்கிருக்கும் தளம் காதிருக்கும் தளத்தைவிட 40 விழுக்காடு பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வேறுபாடு வெறும் 6 விழுக்காடு. எந்த லென்ஸை மாட்டினாலும், மாட்டாமல் வெறுங்கண்ணால் பார்த்தாலும் இதே கணக்கு. அகன்ற லென்ஸ் செய்வதெல்லாம், அத்தனை கிட்டே வா என்று நம்மை அழைப்பதுதான். போக வேண்டுமா, எந்த உரிமையில் போகிறோம் என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம்.

இந்தத் தீர்மானம் போட்டோக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. கைப்பேசியின் முதன்மைக் கேமரா பழைய பிலிம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரை. 2019இல் வந்த ஐபோன் 11, 13 மி.மீ. கணக்கில் இன்னொரு கண்ணையும் சேர்த்துக்கொண்டது. மற்றக் கைப்பேசிகளிலும் அது சாதாரணமாகிவிட்டது. அந்தக் கால ஸ்டூடியோவில் நம் தாத்தாக்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து, நீளமான லென்ஸில் நிதானமாக எடுத்தார்கள். அவர்கள் முகம் நமக்குக் கிடைத்திருப்பது அந்தத் தூரத்திலிருந்து. நம் பேரப்பிள்ளைகளுக்கு நம் முகம் கிடைக்கப்போவது ஒரு கைநீளத்திலிருந்து. ஒரு சமூகத்தின் ஞாபகம் முழுவதுமே வைட் ஆங்கிளுக்கு மாறியிருக்கிறது. அதைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசவே இல்லை.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இந்த லென்ஸைக் கற்றுக்கொள்ள ஒரு சாலையைக் காட்டச் சொன்னால் நான் டத்தோ கிராமாட் சாலையைக் காட்டுவேன். மேகசின் சர்க்கஸ் என்று பழையவர்கள் சொல்லும் சந்திப்பில், கொம்தார் கோபுரத்தின் நிழலில் தொடங்கி மேற்கே போகிறது. ஒருகாலத்தில் ஈயம் உருக்கும் ஆலை இருந்த இடத்தில் இப்போது பினாங்கு டைம்ஸ் ஸ்கொயர் நிற்கிறது. பாடாங் பிரவுன் திடல், அதன் சாப்பாட்டுக் கடைகள், சிட்டி ஸ்டேடியம், அதன் ஓரத்தில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை என்று அடுத்தடுத்து வருகின்றன. 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது வரைந்த எல்லைக்கு இந்தச் சாலை வெளியே விழுந்தது. சுவரோவியத்தின் முன் நின்று படமெடுக்க வரும் கூட்டம் இங்கே வருவதில்லை. அதனால் இங்கே யாரும் கேமராவுக்காக முகத்தைத் திருத்திக்கொள்வதும் இல்லை.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் இந்தச் சாலை கேமராக்களால் நிரம்பும். தைப்பூசத்துக்கு முந்தைய நாள். 1894இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த வெள்ளி ரதம், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து விடியலில் புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரத்து நகரத்தார் கோவிலுக்குப் போகும் வழி இது. 2017 முதல் மலைக்கோவிலின் தங்க ரதமும் வருகிறது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். தேங்காயோ மலைமலையாக. தமிழர் குவித்தவற்றுக்குப் பக்கத்திலேயே சீனர் குவித்தவை. ஊதுபத்திக் கட்டைக் கையில் பிடித்தபடி மூன்று தலைமுறையாக ஒரு குடும்பம் கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில் காத்திருக்கும். ரதம் திருப்பத்தில் தெரிந்ததும் தேங்காய் உடைபடும் ஓசை சாலையின் அந்த முனையிலிருந்து ஓடி வரும்.

இந்த நேரத்தில் பெரும்பாலான கேமராக்கள் என்ன செய்கின்றன? மேலே பார்க்கின்றன. ரதம் உயரமானது, லென்ஸ் அகலமானது, கேமராவை அண்ணாந்து தூக்கினால் கலசம் வரை வந்துவிடுகிறது. வந்த ரதமோ பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் நிற்கிறது. இரு பக்கக் கடைவீடுகளும் தலைசாய்த்து ஒன்றையொன்று முட்டப் போகின்றன. சில கட்டடங்களுக்கு இந்தச் சாய்வு ஒரு கம்பீரம் கொடுக்கும். கொம்தார் மாதிரியான கோபுரத்துக்கு நான் இதைத் தடுக்கமாட்டேன். தேருக்கு இது பொருந்தாது. மாடுகள் பூட்டி நிமிர்ந்து வருகிற தேரை மல்லாத்திக் காட்டுவது, பார்த்ததற்குச் செய்யும் துரோகம்.

கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். 24 மி.மீ. லென்ஸைச் செங்குத்தாகத் திருப்பி, கண் உயரத்தில் துளியும் அண்ணாக்காமல் வைத்து, ரதத்திலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்றால் தரையிலிருந்து ஏழரை மீட்டர் உயரம் வரை படத்தில் வரும். அதே படத்தின் அடிப்பகுதியில் நம் பாதத்துக்கு இரண்டு மீட்டர் முன்னாலிருந்து சாலை தொடங்கிவிடும். பாதிப் படம் சாலை. ஆட்கள் பயப்படுவது இதற்குத்தான். பாதிப் படத்தைத் தாருக்குக் கொடுப்பதா என்று தோன்றும். மற்ற நாளில் அந்தப் பயம் சரி. மட்டமாகப் பிடித்த அகன்ற லென்ஸின் கீழ்ப்பாதியில் வைக்க ஏதும் இல்லையென்றால், ஷட்டரை அழுத்தாமல் இடம் மாறிவிடுவதே நல்லது. தேர் நாளன்று டத்தோ கிராமாட் சாலையின் தரையைப் போல நிறைந்த தரை உலகத்தில் எங்கே இருக்கிறது? உடைந்த மூடிகள் வெள்ளை வெள்ளையாகக் கவிழ்ந்தும் மல்லாந்தும் கிடக்கும். தேங்காய்த் தண்ணீர் ஓடி ஓடித் தார் கறுத்துப் பளபளக்கும். அந்த ஈரத்தில் வெள்ளித் தகட்டின் ஒளி தலைகீழாக விழும். ஓட்டில் கால் கிழியாமல் செருப்பைத் தேடி வைக்கும் ஒரு பாட்டி. ரதம் நகர்ந்த கையோடு மண்வாரியோடு இறங்கும் மாநகராட்சித் தொழிலாளர்கள். அண்ணாந்த கேமரா இத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு, வெயிலில் வெளுத்த வானத்தை நிரப்பிக்கொண்டு வீடு திரும்புகிறது.

வானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கில் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. தை மாதத்தில் உச்சி வெயில் வருவது பிற்பகல் ஒன்றரை மணிக்குத்தான். அகன்ற லென்ஸ் வானத்தையும் அஞ்சடி நிழலையும் ஒன்றாக வாங்கும். இரண்டையும் காப்பாற்ற முடியாது. நான் நிழலில் நிற்கும் முகத்தின் பக்கம் நிற்பேன், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். வானத்தை நீலமாக்க போலரைசர் மாட்டுபவர்கள் அகன்ற லென்ஸில் அதைக் கழற்றிவிடலாம். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கிற வானம் மட்டுமே அதில் கறுக்கும். 24 மி.மீ. லென்ஸின் 74 பாகை அகலத்தில் வானத்தின் ஒரு திட்டு கருநீலமாகவும் மற்றது வெளிறியும் நின்று படத்தைக் கெடுக்கும்.

ஃபோகஸைப் பொறுத்தவரை பழைய பத்திரிகைக்காரர்கள் வழியே வழி. 24இல் அபர்ச்சரை எஃப் 8இல் நிறுத்தி, தூரத்தை 2.4 மீட்டரில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் கூர்மை. அப்புறம் கேமராவை மறந்துவிட்டு ஆட்களைப் பார்க்கலாம். தேங்காய் சிதறும்போது ஒரு கண் தரையிலும் இருக்கட்டும். முன்கண்ணாடியில் தேங்காய்த் தண்ணீர் தெறித்தால் வெயிலுக்கு எதிரே எடுக்கும் படம் முழுக்கப் புகை படர்ந்துவிடும். கழுவிய பருத்தித் துணி ஒன்று சட்டைப் பையில் வேண்டும்.

இந்த லென்ஸ் எளிதில் நம் கைக்கு வந்துவிடவில்லை. 1900ஆம் ஆண்டு பெர்லினின் கோயர்ஸ் கம்பெனி ஹைப்பர்கான் என்று ஒன்றை விற்றது. அரைக்கோளம் மாதிரி இரண்டே கண்ணாடித் துண்டுகள், 130 பாகைக்கும் மேல் பார்வை. நடுவில் ஒளி கொட்டும், ஓரம் இருண்டுவிடும். அதைச் சமன்செய்ய லென்ஸின் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிக் காற்றாடியை வைத்து, ரப்பர் குமிழை அமுக்கி ஊதிச் சுற்றவிட்டார்கள். எடுக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்தக் காற்றாடி நடுப்பகுதிக்குக் குடைபிடிக்கும். பிறகு அதை மடித்துவிட்டு மிச்ச நேரத்துக்கு முழுவதையும் திறப்பார்கள். கட்டடம் எடுப்பவர்களுக்கு அதுவே வரம். நம் தலைமுறையின் எஸ்எல்ஆர் கேமராவுக்கு வேறொரு முட்டுக்கட்டை: லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே பிரதிபலிப்புக் கண்ணாடி எழும்பி இறங்க நாலு சென்டிமீட்டருக்கு மேல் இடம் வேண்டும், 24 மி.மீ. லென்ஸோ பிலிமை ஒட்டி உட்கார விரும்புவது. 1950இல் பிரான்ஸில் ஆஞ்செனியூ, தொலைநோக்கியைத் திருப்பிவைத்த மாதிரி ஓர் அமைப்பில் இதை அவிழ்த்தார். இன்று லோரோங் கூலிட் சந்தையில் தார்ப்பாயில் கிடக்கும் பழைய வைட் லென்ஸ்களில் எதை எடுத்துப் பார்த்தாலும், முன்கண்ணாடி பெரிதாகவும் பின்கண்ணாடி சின்னதாகவும் இருந்தால் அது அந்த வம்சம்.

அகலமாக எடுப்பதற்கு அகன்ற லென்ஸே தவறான கருவியாகிவிடும் இடங்களும் உண்டு. தஞ்சாவூரை விடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது. மதராஸ் அரசின் போட்டோகிராபராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை எடுத்தார். ஓர் இடத்தில் நின்று திரும்பித் திரும்பி எடுக்கவில்லை. சுவரோடு கேமராவை நகர்த்திக்கொண்டே போய்த் துண்டுதுண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தொடக்கத்திலிருக்கும் எழுத்தும் முடிவிலிருக்கும் எழுத்தும் ஒரே அளவு. ராஜராஜன் காலத்துக் கல்லெழுத்தை வாசிக்க வருபவனுக்கு எல்லா எழுத்தும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிற நினைப்பு இல்லாமல் ஒரு மனிதன் அத்தனை நடந்திருக்கமாட்டான். அங்கே ஒரு ஹைப்பர்கானை நிறுத்தியிருந்தால் எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சிறுத்து, வாசிப்பே குலைந்திருக்கும்.

டத்தோ கிராமாட் சாலையின் கடைவீட்டு வரிசையை ஆவணமாக்க நினைப்பவர்களுக்கு நான் டிரைப்பைத்தான் காட்டுவேன். எதிர்ச்சாரியில் நின்று 14இல் முழு வரிசையையும் ஒரே படத்தில் அள்ளினால், ஓரக் கடைகளின் தூண்கள் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துவிடும். கைப்பேசியின் பனோரமாவோ நின்ற இடத்தில் சுழல்வதால் வரிசையையே வில்லாக வளைத்துவிடும். நடக்க வேண்டும். ஒவ்வொரு கடைக்கும் நேரெதிரே நின்று, கேமராவை மட்டமாகப் பிடித்து, 35இல் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்ட வேண்டும். மாடியின் உச்சி வராவிட்டால் அதற்கென்றே லென்ஸ் இருக்கிறது: கேமராவை அண்ணாக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் வகை. நிக்கான் 1960களின் தொடக்கத்தில் 35 மி.மீ. கேமராவுக்கு முதலாவதாக அதைச் செய்து கொடுத்தது. கூரை ஓடு, சுண்ணாம்புத் தூண், ஜன்னல் பலகை எல்லாம் நிமிர்ந்து நிற்கும்.

டிரைப் தஞ்சையை எடுத்து நான்கு வருஷம் கழித்து, 1862இல், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் பினாங்குக்கு வந்து பத்து மாதம் தங்கிப் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காயும் முன் எடுத்து, காயும் முன்பே கழுவி முடிக்க வேண்டிய முறை அது. இந்தப் புழுக்கத்தில் தனியாளாக முடிகிற காரியம் இல்லை. 1875இல் வெளிவந்த பயண நூலில், இங்கிருந்த சீனர்கள் இந்த மாயவேலைக்கு ஒத்துழைக்க மறுத்ததால் மதராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி உதவிக்கும் அச்செடுக்கவும் வைத்துக்கொண்டதாக எழுதுகிறார். பினாங்கின் தொடக்ககாலப் படங்களில் சில நம்மவர் கைபட்டு உருவானவை. அந்த இருவரில் ஒருவர் இருட்டுக் கூடாரத்திலிருந்து தகட்டோடு ஓடி வருவதை யாரும் எடுக்கவில்லை. எடுப்பவருக்குக் குறி, எதிரே இருந்த காட்சி. கூடவே நின்று வேலை செய்தவர் சட்டகத்துக்கு வெளியே. தேர் நாளில் மண்வாரியோடு நிற்பவரையும் தண்ணீர்ப் பந்தலில் பாத்திரம் கழுவுபவரையும் நான் 24இன் ஓரத்தில் விடாமல் வைத்துக்கொள்வது இந்த இருவரை நினைத்துத்தான். ஓரத்தில் வைக்கும்போது அவர் கால் பங்கு அகன்றுபோகாமல், விளிம்பிலிருந்து ஓர் ஆள் அளவு உள்ளே இழுத்து வைப்பேன். அது அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

தேர் நாளுக்கு மறுநாள் தைப்பூசம். ஜாலான் உத்தாமாவிலிருந்து தண்ணீர்மலை வரை காவடிகள். உருமி மேளம் நெஞ்சைத் தட்டும். இங்கேதான் அகன்ற லென்ஸ் செய்யக்கூடிய நல்லதும் கெட்டதும் முழுசாக வெளிப்படுகின்றன. கன்னத்தில் அலகு பாய்ந்த ஒரு முகம். அதற்கு அரை மீட்டர் முன்னால் 16ஐ நீட்டினால் வேலின் நுனி பிரம்மாண்டமாகும், வாய் பெரிதாகும், கண் இரண்டும் பின்வாங்கிச் சிறுத்துவிடும். பல்லும் உலோகமும் எச்சிலும் மட்டுமே மிஞ்சும். இப்படிப்பட்ட படங்கள் உலகமெங்கும் பரிசு வாங்குகின்றன, இதழ் அட்டைகளில் வருகின்றன. எனக்கு அவை பொய்யாகவே படுகின்றன. அந்த மனிதர் அந்தக் கணத்தில் வேலைப் பார்க்கவில்லை, வலியையும் பார்க்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து, மலையைப் பார்த்தபடி நடக்கிறார். அந்தப் படத்தில் மலையும் இல்லை, அவர் பார்வையும் இல்லை.

அப்படி லென்ஸை நீட்டிக்கொண்டு பின்பக்கமாக நடக்கும் ஓர் இளைஞரிடம், காவடி எடுப்பவரின் அம்மா சொன்னது காதில் விழுந்தது. கோபமில்லாத குரல். “தம்பி, கொஞ்சம் ஒதுங்கிக்கப்பா. அவன் கண்ணுக்கு நாங்க தெரியணும்.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு வைட் ஆங்கிள் பாடம் எடுத்ததில்லை. காவடி எடுப்பவரைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. முன்னால் அம்மா, தோளுக்கருகே கை வைத்தும் வைக்காமலும் வரும் அண்ணன், வாளியில் தண்ணீரோடு தங்கை, இடுப்பில் உருமியோடு நாலு பையன்கள், “வேல் வேல்” என்று தொண்டை கட்டிய மாமா. அந்த வட்டத்தை உடைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றால் கிடைப்பது அலகு. வட்டத்தின் ஓரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில், அவர் தோளோடு தோளாக நின்று, அதே 24ஐ நெஞ்சு உயரத்தில் பிடித்தால் கிடைப்பது குடும்பம். முன்னால் அம்மாவின் கை கொஞ்சம் பெரிதாக வரும். அதற்கு அப்பால் மகன், அவன் தலைக்கு மேலே காவடியின் மயிலிறகு, அதற்கும் பின்னால் மலை. ஒருவருடைய முகத்தை நோக்கி ஏவாமல் அவர்கள் நிற்கும் பக்கத்தில் நின்று பிடித்தால், இந்த லென்ஸ் உறவைக் காட்டுகிறது. கையின் அளவு, முகத்தின் தூரம், நடுவிலுள்ள இரண்டு அடி இடைவெளி, அத்தனையும் படத்தில் அளந்து வைத்தாற்போல் விழும். தள்ளி நின்று எடுக்கும் நீண்ட லென்ஸ் இந்த இடைவெளியை நசுக்கிவிடும். அம்மாவும் மகனும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

நின்ற இடத்தில் நிற்க அனுமதி வேண்டும். வாயால் கேட்டு வாங்குவதற்கு அங்கே நேரம் இருக்காது. கண்ணால் வாங்கலாம், ஒரு தண்ணீர்க் குவளையைக் கைமாற்றிக் கொடுத்து வாங்கலாம். கிடைக்காவிட்டால் சாலையோரம் போய் 85ஐ மாட்டிக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. இரவில் விளக்கலங்காரத்தோடு தூரத்தில் வரும் ரதத்துக்கும், படியேறும் ஒரே ஒரு முகத்துக்கும், கூட்டத்தின் நெரிசலையே காட்டவும் நீண்ட லென்ஸே சரி.

திருவிழாவுக்கு வெளியே, அகன்ற லென்ஸுக்கு இந்த ஊரில் மீதமிருக்கும் பெரிய வேலை உள்ளறை. நம் கடைவீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நீளமாகப் போகிறவை. வாசலில் நின்றால் கல்லா, அதற்குப் பின் அரிசி மூட்டை, சாமி படம், படிக்கட்டு, அடுக்களை, அதற்கும் பின்னால் வானம் தெரியும் முற்றம். அங்கே பின்னால் நகர இடமில்லை. 24ஐ விட்டால் வழியில்லை. 1999 டிசம்பரோடு பழைய வாடகைக் கட்டுப்பாடு முடிந்து, வாடகை ஏறி, ஜார்ஜ் டவுனின் மையத்திலிருந்து எத்தனையோ குடும்பங்களும் சிறு கடைகளும் வெளியேறின. அந்தக் கட்டடங்களின் முகப்புப் படம் வேண்டிய அளவு இருக்கிறது. உள்ளே எப்படி வாழ்ந்தார்கள், மாடியறையைத் திரைச்சீலை கட்டி எப்படிப் பிரித்துக்கொண்டார்கள், பாய் எங்கே சுருட்டி வைத்தார்கள், பிள்ளைகள் எந்த விளக்குக்கடியில் படித்தார்கள் என்பதற்குப் படம் கேட்டால் கல்யாண ஆல்பங்களின் பின்னணியில்தான் தேட வேண்டியிருக்கிறது.

டத்தோ கிராமாட் பக்கத்தில் இன்னும் சில மளிகைக் கடைகள், முடிதிருத்தும் கடைகள், தையற்கடைகள் அதே உள்ளமைப்போடு நடக்கின்றன. கேமரா வைத்திருக்கிற பிள்ளைகள் இந்த வருஷமே அங்கே போக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். போய் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். கடைக்கார அண்ணனைக் கல்லாவிலேயே இருக்கச் சொல்லுங்கள், ஒன்றரை மீட்டருக்குள் வராதீர்கள், சட்டகத்தின் நடுவிலிருந்து கொஞ்சமே தள்ளி வையுங்கள். கேமரா அவர் நெஞ்சு உயரத்தில் மட்டமாக இருக்கட்டும். தராசும் கணக்கு நோட்டும் முன்னால் வரட்டும். ஃபிளாஷ் வேண்டாம். ஒரு சின்ன முக்காலி இருந்தால் போதும், உள்ளே எரியும் டியூப் லைட்டும் முற்றத்து வெளிச்சமும் தாமாகவே ஆழம் காட்டும். படத்துக்காக மேசையில் கிடக்கும் பழைய ரசீதுகளையும் அரைக் குவளைத் தேநீரையும் அவர் ஒதுக்கிவைக்கப் போவார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் அண்ணே என்று சொல்லுங்கள். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஆளின் பெயர், கடை, தேதி மூன்றையும் பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொடுங்கள்.